கேட்டு வாங்கிய துணி

புத்தூர் மயிலம்மாளுக்குப் பிடிக்காதவை நிறைய உண்டு. கோணல் கோலம், ஓரம் சேராமல் மடித்த புடவை, கழுவாமல் கவிழ்த்த பாத்திரம், கேட்காமல் யோசனை சொல்லும் வாய். இவை எல்லாவற்றையும் விட அவளுக்குப் பிடிக்காதது, அடுத்த வீட்டு வாசலில் போய் நின்று "கொஞ்சம் இருக்குமா" என்று கேட்பது. உப்பிலியபுரத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, தாயில்லாத தங்கச்சியை இடுப்பில் தூக்கி வளர்த்து, காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்த காத்தமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தவள் அவள். வந்த நாளிலிருந்து ஒரு வீட்டில் தீக்குச்சி கூட இரவல் வாங்கியதில்லை. அடைமழையில் ஒரு தடவை தீப்பெட்டி நமத்துப்போய் அடுப்பு பற்றவில்லை. அன்றைக்குக் காத்தமுத்து பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு பழையதைச் சாப்பிட்டுவிட்டு மண்டிக்குப் போனார். மயிலம்மாள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

தான் கேட்பதில்லை என்பதோடு விட்டாளா என்றால் இல்லை. கேட்டு வருகிறவர்களை அவள் பார்க்கும் பார்வை ஒன்று உண்டு. அந்தப் பார்வையை அதிகம் வாங்கியவள் எதிர்வீட்டு ராக்கம்மாள். இன்றைக்குப் புளி, நாளைக்கு உப்பு, மறுநாள் வெல்லம் என்று கிண்ணத்தோடு வருவாள். ராக்கம்மாள் வீட்டில் பிள்ளைகள் வீடு கொள்ளாமல் இருந்தன. மூக்கு ஒழுகிக்கொண்டும், மண்ணில் புரண்டுகொண்டும், ஒன்றின் சட்டையை இன்னொன்று போட்டுக்கொண்டும் வாசலெல்லாம் இரைந்து கிடந்தன. "கழுவாத கருணைக்கிழங்கு மாதிரி உருண்டு கிடக்குதுங்க" என்று மயிலம்மாள் தெருக்குழாயடியில் சொன்னாள். அது ராக்கம்மாள் காதுக்கும் போனது. ஆனால் அந்தக் கிழங்குகளில் ஒன்று கூட அழுகிப்போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஊரே காய்ச்சலில் படுத்தாலும் அவை மட்டும் புழுதியில் குதித்துக்கொண்டிருந்தன.

மயிலம்மாளுக்குப் பிள்ளையில்லை. அதைப் பற்றி அவளிடம் யாரும் பேசியதில்லை. பேசுகிற தைரியம் யாருக்கும் வரவிடாமல் அவள் பார்த்துக்கொண்டாள்.

அவளுக்குப் பிள்ளை என்றால் அது தங்கச்சி ராசாத்திதான். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூரில், வாழைத்தோப்பு வைத்திருந்த வீரமலைக்கு ராசாத்தியைக் கட்டிக்கொடுத்திருந்தாள். நல்ல இடம். வாழை தார் தாராகக் காய்த்தது. ராசாத்திக்குத்தான் எதுவும் தங்கவில்லை. முதல் குழந்தை பேர் வைப்பதற்கு முன்னாலேயே போய்விட்டது. இரண்டாவது குப்புற விழப் பழகிய சமயத்தில் போனது. ஐம்பத்தேழாம் வருஷம் அவள் மறுபடியும் உண்டானாள். சூடு குறையாத ஒரு புரட்டாசி மாதத்தில் புத்தூருக்கு வந்து அக்கா வீட்டில் படுத்துக்கொண்டாள். சிரிப்பதை விட்டிருந்தாள். வயிற்றின் மேல் எந்நேரமும் ஒரு கை இருந்தது.

அவளைப் பார்க்க மாமியார் வேலம்மாள் காவிரிப் பாலம் தாண்டி பஸ்ஸில் வந்தாள். பார்க்க வந்தது போல இல்லை, உத்தரவு போட வந்தது போல இருந்தது. பிள்ளை தங்காத வயிற்றில் பிறப்பதைப் புதுத்துணியில் போடக்கூடாதாம். பிள்ளைகள் நல்லபடியாக இருக்கிற வீடுகளில், தாய்மார் உடுத்திப் பழசான புடவைகளை மடியேந்திப் பிச்சையாக வாங்க வேண்டுமாம். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மெத்தையாகத் தைத்து, பிறந்த பிள்ளையை அதில்தான் போட வேண்டுமாம். தையற்காரனிடம் கொடுக்கக்கூடாது, தைக்கிற கை கூடப்பிறந்தவள் கையாக இருக்க வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கடைசியாக ஒன்று சொன்னாள்.

"இதுவும் தங்கலேன்னா, என் தம்பி மக ஒருத்தி வீட்டோட இருக்கா. அப்புறம் யாரும் என்னையக் குத்தம் சொல்லக்கூடாது."

வேலம்மாள் தெருமுனை தாண்டும்வரை மயிலம்மாள் பொறுத்திருந்தாள். "துணிதான் பிள்ளையக் காப்பாத்தும்னா இங்க இருக்கிற ஆஸ்பத்திரியெல்லாம் மூடிட்டு ஜவுளிக்கடை வச்சிரலாமே" என்றாள். ராசாத்தி சிரிக்கவில்லை. அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "செய்வியாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

செய்வதில் மயிலம்மாளுக்கு ஒரு சிரமமும் இல்லை. எந்த வேலையையும் அடுத்தவளை விட நன்றாகச் செய்ய முடியும் என்று நம்புகிறவள். மடியேந்துவதில்தான் சிக்கல். யோசித்துப் பார்த்து அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். உப்பிலியபுரத்திலிருந்து வந்த புளி ஒரு பானை நிறைய இருந்தது. அதை உருண்டை உருண்டையாகப் பிடித்துக் கூடையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். பிள்ளைக்காரிகள் வீடாகப் பார்த்துப் போய், முதலில் புளியை எடுத்து வைத்தாள். அதன் பிறகுதான் பழம்புடவை என்ற பேச்சையே எடுத்தாள். யாரிடமும் சும்மா வாங்கவில்லை என்ற நிம்மதியோடு நிமிர்ந்த தலையோடு திரும்பி வந்தாள். எந்த வீட்டைப் பற்றியும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வீட்டில் விளக்குமாற்றை நிமிர்த்தி வைத்திருந்தார்களாம். ஒரு வீட்டில் கொடுத்த புடவையில் சாம்பார் வாசனை அடித்ததாம். ராக்கம்மாள் கொடுத்ததோ புடவையா, கரித்துணியா என்றே தெரியவில்லையாம்.

அப்படிப்பட்ட துணியைத் தங்கச்சி பிள்ளைக்கு அப்படியே போடுவாளா? எல்லாவற்றையும் சவுக்காரம் போட்டு வெந்நீரில் அவித்தாள். கல்லில் அடித்துத் துவைத்தாள். நீலம் போட்டாள். கடைசியில் சோற்றுக் கஞ்சியில் முக்கி எடுத்துக் காயவைத்தாள். கஞ்சி போடாமல் ஒரு துணியும் அவள் வீட்டுக் கொடியில் ஏறியதில்லை.

தைப்பதற்குக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். பின்சந்தில் இருந்த பஞ்சுக்கடைக்காரர் மனைவி ரோஷன் பேகம் பழந்துணிகளை அடுக்கி, ரஜாய் என்கிற மெத்தைப் போர்வை தைப்பாள். மயிலம்மாளை விடப் பல வயது சின்னவள். வெற்றிலைக் கறைப் பல்லோடு ஓயாமல் பேசுகிறவள். 'ராத்திரியில் கூட சுவர் கொதிக்கிற ஊரில் போர்வைக்கு மேல் போர்வை வைத்துத் தைக்கிறாளே, இவளுக்கு மூளை எங்கே இருக்கிறது' என்று மயிலம்மாள் பலமுறை நினைத்தது உண்டு. இப்போது அவளிடமே போய், கற்றுக்கொள்ள வந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், "நீ எப்படித் தைக்கிறேன்னு பார்க்கலாம்னு வந்தேன்" என்றாள். ரோஷன் பேகம் அதற்கும் சிரித்தாள். துணியைக் கையில் வாங்கியதும் அந்தச் சிரிப்பு இன்னும் பெரிதானது. விறைத்து நின்ற புடவை மடிப்பை விரலால் சுண்டினாள். டப்பென்று சத்தம் கேட்டது.

"அக்கா, இதுல பிள்ளையப் போட முடியாது. அப்பளம் இடலாம்."

அதில் ஊசியும் இறங்கவில்லை. இறக்கிய ஒன்று முறிந்துபோனது. மயிலம்மாள் எல்லாத் துணியையும் வீட்டுக்குக் கொண்டுபோய், ஊறவைத்து, கஞ்சி போகும்வரை அலசி, மறுபடி காயவைத்துக் கொண்டுவந்தாள். பாயை விரித்து, துணிகளை அதன்மேல் அடுக்கி, மூலைக்கு ஒரு கல் வைத்துத் தைக்க உட்கார்ந்தாள். முதல் வரிசை முடிந்து தூக்கிப் பார்த்தபோது கோரைப்பாயும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தது. துணியோடு பாயையும் சேர்த்து, அதுவும் மிக அழகாக, இம்மி பிசகாமல் தைத்திருந்தாள். ரோஷன் பேகம் சுவரில் சாய்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தையலைப் பிரிப்பதா, பாயைக் கிழிப்பதா என்று மயிலம்மாள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பாய்தான் கிழிந்தது.

அடுத்ததாக ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டே உள்ளே போனாள். நடுவில் துணியெல்லாம் சேர்ந்து பூரி மாதிரி உப்பிக்கொண்டது. "நடுவுல ஆரம்பிச்சு வெளியே தள்ளிக்கிட்டே வாங்கக்கா. துணி எங்கயாவது ஓடிப்போகணுமில்ல" என்றாள் ரோஷன் பேகம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று மயிலம்மாளுக்கு எரிச்சல் வந்தது. உண்மையில் ரோஷன் பேகம் முதலிலேயே சொன்னாள். ஓயாமல் பேசுகிறவள் பேச்சை யார் காதில் வாங்குவது?

ஆனால் கை பழகிய பிறகு மயிலம்மாளை யாரும் பிடிக்க முடியவில்லை. தையல் வரிசை நேராக வரவேண்டும் என்பதற்காகத் துணியின் மேல் கோலமாவால் கோடு இழுத்துக்கொண்டாள். அந்தக் கோட்டின் மேலேயே ஊசி போனது. ரோஷன் பேகத்தின் தையல் அரிசி அரிசியாகச் சின்னதாக இருந்தாலும் வரிசை வளைந்து வளைந்து ஓடியது. மயிலம்மாளின் மெத்தை ரூல் போட்ட நோட்டு மாதிரி இருந்தது. முடித்து, மாவைத் தட்டி, ரோஷன் பேகத்திடம் காட்டினாள். பாராட்டுக்குக் காத்திருக்கவில்லை. "உன்னுதையும் இப்படிக் கோடு போட்டுத் தைச்சுப் பாரு" என்று யோசனை சொல்லிவிட்டு வந்தாள்.

மெத்தையை ராசாத்தியின் பக்கத்தில் விரித்துவைத்த அன்று சாயங்காலம், ராக்கம்மாள் ஒரு கந்தலைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வந்தாள். புளி நன்றாக இருந்தது என்றாள். இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தால் இன்னொரு புடவை தருவதாகச் சொன்னாள். மற்ற வீட்டுக்காரிகளும் அப்படித்தான் சொல்கிறார்களாம். ஒரு உருண்டைக்கு ஒரு புடவை என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

மயிலம்மாள் அவளை வாசலோடு அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள். ராசாத்தி மெத்தையிலிருந்து கையை எடுத்திருந்தாள்.

"அப்ப இது பிச்சை இல்லக்கா. நீ புளி குடுத்து வாங்கினது."

"எல்லாம் துணிதான்."

"நீ கேக்கல."

ராசாத்தி அழவில்லை. கோலமாவுக் கோட்டில் வரிசை பிசகாமல் தைத்த அந்த மெத்தையை விட்டு மெல்ல நகர்ந்து, வெறுந்தரையில், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கை மட்டும் வயிற்றின் மேல் இருந்தது. மயிலம்மாள் சாப்பிடச் சொன்னாள், பால் ஆற்றி வைத்தாள், திட்டினாள். மறுநாளும் ராசாத்தி அப்படியே கிடந்தாள். செத்துப்போன இரண்டு பிள்ளைகளையும் அவள் இப்படித்தான் தரையில் படுத்துக்கொண்டு நினைத்தாள் என்பது மயிலம்மாளுக்குத் தெரியும்.

அதற்கடுத்த நாள் மயிலம்மாள் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினாள். தெரியாத ஊரில் கேட்டால் தெரியாதவர்கள்தானே பார்ப்பார்கள் என்பது கணக்கு. வீதி வீதியாக நடந்தாள். குழந்தைச் சத்தம் கேட்கிற வீடாகத் தேடி, ஒரு வாசலில் நின்று, முந்தானையை விரித்தாள். வாய் திறக்கவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றாள். உள்ளேயிருந்து ஒரு மாமி எட்டிப் பார்த்து, "சித்த இரும்மா" என்று போய், ஒரு கவளம் புளியோதரையைக் கொண்டுவந்து முந்தானையில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இஸ்திரி போட்ட புடவையில் எண்ணெய் இறங்கியது. மயிலம்மாள் அப்படியே அம்மா மண்டபத்துப் படித்துறைவரை நடந்து, புளியோதரையை மீன்களுக்குப் போட்டுவிட்டு, முந்தானையைக் காவிரியில் அலசினாள். சோறு குழைந்திருந்தது, புளி பத்தவில்லை என்று அந்த நிலையிலும் அவளுக்குத் தோன்றாமல் இல்லை. முகந்தெரியாத ஊரில் பிச்சைக்காரி ஆவது சுலபம் என்பதும், அதனால் ஒரு புடவையும் கிடைக்காது என்பதும் புரிந்துவிட்டது. ஈர முந்தானையை உதறிக்கொண்டு புத்தூருக்குத் திரும்பினாள். வீட்டுக்குள் போகவில்லை. போனால் மறுபடி வெளியே வரமாட்டோம் என்று நேரே எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள். கசப்பு மருந்தை முதலில் குடித்துவிடுவது அவள் வழக்கம்.

ராக்கம்மாள் வாசலில் உட்கார்ந்து ஒரு மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. புளி கொண்டாந்தீங்களா?"

"இல்ல. துணி வேணும்."

"அதான் குடுத்தேனே."

"அது சேராது. சும்மா வேணும்."

ராக்கம்மாளின் கையிலிருந்த சீப்பு நின்றது. "சும்மான்னா?"

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் குடம் நிரம்பியதைக் கவனிக்கவில்லை. மயிலம்மாள் ராக்கம்மாளைப் பார்க்கவில்லை. சுவரெல்லாம் பிள்ளைகளின் அழுக்குக் கைத்தடம் பதிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஈர முந்தானையை இரண்டு கையாலும் விரித்தாள். "பிச்சையா" என்றாள். "எங்க ராசாத்தி பிள்ளைக்கு."

ராக்கம்மாள் உடனே எழுந்துவிடவில்லை. இப்படி ஒரு நாள் வரும் என்று கனவில் கூட நினைத்திராதவள், வந்ததை அவசரப்பட்டு முடித்துக்கொள்வாளா? மகளின் தலையைத் தள்ளி விட்டுவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"கிழங்கு வீட்டுத் துணி பரவால்லையாக்கா?"

"அதுல ஒரு கிழங்கு மாதிரி வேணும்னுதான் வந்திருக்கேன்" என்றாள் மயிலம்மாள்.

ராக்கம்மாள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது வேறு புடவையில் இருந்தாள். அதுவரை கட்டியிருந்த அரக்குச் சுங்குடியை, உடம்புச் சூடு ஆறுவதற்குள் மடித்து மயிலம்மாளின் முந்தானையில் வைத்தாள். அவளிடம் இருந்ததில் உருப்படியான புடவை அதுதான்.

"அன்னிக்குப் புளிக்குக் குடுத்தது அடுப்புத் துணிக்கா. மடியேந்தி வர்றவங்களுக்கு அதப் போட முடியுமா?"

புடவையை ஓரம் சேராமல் மடித்திருக்கிறாள் என்பதை மட்டும் மயிலம்மாள் கவனித்தாள். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனாள், அதற்கடுத்த வீட்டுக்கும் போனாள். ஒருத்தி கேலியாகச் சிரித்தாள். ஒருத்தி, கொடுப்பதற்கு முன்னால், இவ்வளவு நாள் நிமிர்ந்து நடந்த தலை இன்றைக்கு எங்கே போயிற்று என்று தன் மாமியாரிடம் உரக்கக் கேட்டாள். எல்லாவற்றையும் முந்தானையில் வாங்கிக்கொண்டாள். எந்த வீட்டிலும் கந்தல் கிடைக்கவில்லை.

அந்தத் துணிகளை அவள் அவிக்கவில்லை, கஞ்சி போடவில்லை. நேரம் இல்லை. ராசாத்திக்கு இடுப்பு கடுக்கத் தொடங்கியிருந்தது. தன் வேலையைப் போட்டுவிட்டு வந்த ரோஷன் பேகம் துணிகளை நீவி விரித்துக் கொடுத்தாள். ஆனால் ஊசியைத் தொடவில்லை. கூடப்பிறந்தவள் கை என்று வேலம்மாள் சொன்னது அவளுக்கும் தெரியும். கோலமாவுக்கு நேரமில்லை. வரிசைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. ஒரு இடத்தில் நீளம், ஒரு இடத்தில் குட்டை. அரக்குச் சுங்குடி, வேறொரு வீட்டுப் பச்சைக்கட்டப் புடவையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடைசி மூலையைப் பிரசவ ஆஸ்பத்திரியின் வராந்தாவில் உட்கார்ந்து தைத்தாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே குழந்தை கத்தியது.

ஆண் குழந்தை. கருகருவென்று, உருண்டையாக, யாருக்கும் அடங்காத குரலோடு இருந்தது. ராசாத்தி அதை வாங்கி, கேட்டு வாங்கிய அந்தத் துணியின் நடுவில் படுக்கவைத்துவிட்டு, புத்தூர் வந்த பிறகு முதல் தடவையாக அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். பார்க்க வந்த வேலம்மாள் மெத்தையைப் புரட்டிப் பார்த்து, தையல் இவ்வளவு மோசமா என்று முகம் சுளித்தாள். அந்த அம்மாள் வாழ்க்கையில் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான் என்று மயிலம்மாள் நினைத்துக்கொண்டாள்.

பிள்ளைக்குப் பிச்சைமுத்து என்று பேர் வைத்தார்கள். பிச்சைமுத்து குப்புற விழுந்தான், தவழ்ந்தான், வாழைத்தோப்புச் சேற்றில் புரண்டான். வேலம்மாளின் தம்பி மகளை லால்குடிப் பக்கம் யாருக்கோ கட்டிக்கொடுத்தார்கள். கோடு போட்டுத் தைத்த பழைய மெத்தை, மண்டியில் காத்தமுத்துவின் பெஞ்சின் மேல் கிடந்து, அவர் உட்கார உட்காரத் தேய்ந்தது. மேலூருக்குப் போகும்போதெல்லாம் கோணல் மெத்தை கொடியில் தொங்குவது மயிலம்மாளின் கண்ணை உறுத்தும். ஊசியும் நூலும் அவள் பையிலேயே இருக்கும். "ஒரே ஒரு வரிசையப் பிரிச்சுத் தைச்சுத் தரேன்டி" என்பாள். ராசாத்தி அதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவாள்.

பள்ளிக்கூட லீவுக்குப் புத்தூர் வந்தால் பிச்சைமுத்து பெரியம்மா வீட்டில் இருப்பதில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டதும் எதிர்வீட்டுக்கு ஓடிவிடுவான். "எங்க வீட்டுப் பிள்ளை வந்துட்டான்" என்று ராக்கம்மாள் தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்வாள். சாயங்காலம் அவன் தலை முதல் கால்வரை புழுதியோடு, எந்தப் பிள்ளையின் சட்டையையோ போட்டுக்கொண்டு திரும்பி வருவான். மயிலம்மாள் அவனைக் குழாயடிக்கு இழுத்துப் போய்த் தேய்த்துக் குளிப்பாட்டுவாள். வாய் நிற்காமல் அந்த வீட்டைத் திட்டிக்கொண்டே இருக்கும்.

புளிக்காலம் வந்ததும் ராக்கம்மாள் கிண்ணத்தோடு வந்து நிற்பாள். மயிலம்மாள் பழைய பார்வையே பார்ப்பாள். கிண்ணத்தை வாங்கி உள்ளே திருப்பிப் பார்ப்பாள். நேற்றைய குழம்பு ஓரத்தில் காய்ந்திருக்கும். பின்கட்டுக்குக் கொண்டுபோய், சாம்பல் போட்டு, பளபளவென்று வரும்வரை தேய்த்துக் கழுவுவாள். துடைத்து, அதில் புளியைக் கோபுரம் மாதிரி அழுத்தி வைத்துக் கொண்டுவந்து நீட்டுவாள்.

"ஒரு கிண்ணம் கழுவத் தெரியல. வந்துட்டா" என்பாள்.

ராக்கம்மாள் அதையும் வாங்கிக்கொண்டு போவாள்.